காற்றைக் கணக்குப் போடும் வேலை

"இப்பல்லாம் கம்ப்யூட்டரே பார்த்துக்குது சார்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் வயிறு எரியும். அந்தக் கம்ப்யூட்டருக்கு எதைப் பார்க்க வேண்டும், பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பவர்களில் நானும் ஒருவன். எங்கள் வேலைக்கு இன்ஜின் காலிபரேஷன் என்று பெயர். இன்ஜினைக் கட்டி ஓடவிட்டு அளக்கும் டைனோ அறைக்குள் இன்ஜின் கத்திக்கொண்டிருக்கும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து லேப்டாப்பில் ஆயிரக்கணக்கான எண்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் வேலை. வீட்டில் கேட்டால் "எண்களைத் திருத்துகிறான்" என்பார்கள். தப்பில்லை.

பார்க்கிறவர்கள் எல்லாரும் என்னிடம் இன்ஜெக்டரைப் பற்றித்தான் கேட்பார்கள். எத்தனை துளை, என்ன பிரஷர், எந்தக் கம்பெனி. இன்ஜெக்டர் நல்ல பொருள்தான், ஆனால் இந்த வேலையில் அது சுலபமான பாதி. பெட்ரோலை அளந்து கொடுப்பது பெரிய வித்தை இல்லை. உள்ளே எவ்வளவு காற்று போயிருக்கிறது என்று, அதுவும் அந்தக் காற்று போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே, சொல்ல வேண்டும் பாருங்கள், அங்கேதான் சம்பளம் கொடுக்கிறார்கள்.

முதலில் சுலபமான பாதி. ஈசியூ, அதாவது இன்ஜினை நடத்தும் அந்தக் கம்ப்யூட்டர், பெட்ரோலை அளப்பதே இல்லை, நேரத்தைத்தான் அளக்கிறது. இன்ஜெக்டர் என்பது மின்காந்தம் இழுத்தால் திறக்கிற சின்ன வால்வ். அதற்குப் பின்னால் பெட்ரோல் ஒரே பிரஷரில் நிற்கும், மேனிஃபோல்டில், அதாவது சிலிண்டருக்குக் காற்று போகும் குழாயில், தெளிக்கும் வகை இன்ஜின்களில் பெரும்பாலும் 3 பார். எவ்வளவு நேரம் திறந்ததோ அவ்வளவு பெட்ரோல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 500 சிசி சிலிண்டர் ஒன்று. காற்றை அடைக்கும் தகடான த்ராட்டில் முழுக்கத் திறந்து, சிலிண்டர் வழிய நிரம்பினால் உள்ளே சுமார் 0.6 கிராம் காற்று இருக்கும். பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது முழுமையாக எரிவதற்கான விகிதம், ஆக 41 மில்லிகிராம் பெட்ரோல் தேவை. நிமிடத்துக்கு 200 சிசி கொடுக்கிற இன்ஜெக்டர் ஒரு மில்லி விநாடிக்கு ஏறக்குறைய 2.5 மில்லிகிராம் கொடுக்கும். 41 மில்லிகிராமுக்கு 16.5 மில்லி விநாடி திறந்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 6000 சுற்றில் நான்கு ஸ்ட்ரோக்கும் முடிய 20 மில்லி விநாடிதான் ஆகும். மூடித் திறக்கவும் நேரம் வேண்டும் இல்லையா, கிட்டத்தட்ட விளிம்பில் நிற்கிறோம். சரி, பெரிய இன்ஜெக்டர் போட்டால் என்ன? போடலாம். அப்போது ஐடிலில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் மெல்ல ஓடும்போது, மாட்டிக்கொள்வோம். ஐடிலில் அதே சிலிண்டருக்கு 9 மில்லிகிராம் போதும். அந்த 200 சிசி இன்ஜெக்டரிலேயே அது வெறும் 3.6 மில்லி விநாடி. இன்ஜெக்டர் பெரிதாகப் பெரிதாக இந்த எண் இன்னும் சுருங்கும்.

எண் சுருங்கினால் என்ன கெட்டுவிடும் என்றால், டெட் டைம். காயிலில் மின்சாரம் ஏறி, ஊசி எழும்பி, பெட்ரோல் வர ஆரம்பிக்கும் வரை ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி வீணாகப் போகும். அதைக் கணக்கில் சேர்த்துத்தான் ஈசியூ துடிப்பை நீட்டுகிறது. ஆனால் அந்த ஒரு மில்லி விநாடியும் பேட்டரி வோல்டேஜைப் பொறுத்தது. 14 வோல்ட்டில் இருப்பதைவிட 12-ல் அதிகம், ஸ்டார்ட்டர் சுற்றும்போது வோல்டேஜ் 10-க்கு இறங்கினால் இன்னும் அதிகம். முழு த்ராட்டிலில் கால் மில்லி விநாடி பிசகினால் யாருக்கும் தெரியாது. ஐடிலில் 3.6-ல் கால் போனால் ஏழு சதவீதம். ஹெட்லைட்டைப் போட்டதும் இன்ஜின் லேசாக நடுங்குகிறது என்று வந்த ஒரு வண்டியில் பிரச்சினையே இதுதான். யாரோ பெரிய இன்ஜெக்டர் மாட்டி, அதன் அளவை மட்டும் ஈசியூவில் மாற்றிவிட்டு, டெட் டைம் அட்டவணையைத் தொடாமல் விட்டிருந்தார்கள். முழு வேகத்தில் அருமையாக ஓடியது. சிக்னலில் நின்றால்தான் தொல்லை.

இந்த அளவுக்கு ஏன் மெனக்கெட வேண்டும்? இரண்டு சதவீதம் கூடினால் குறைந்தால் இன்ஜின் ஓடாமலா போய்விடும்? தாராளமாக ஓடும். கார்புரேட்டர் வண்டிகள் அதைவிட மோசமான கணக்கில் பல பத்தாண்டுகள் ஓடின. கறாராக இருக்கச் சொல்வது சைலன்சர் குழாயில் உட்கார்ந்து புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட்.

இன்ஜினிலிருந்து மூன்று கெட்டவை வருகின்றன. கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள். முதல் இரண்டையும் ஒழிக்க ஆக்ஸிஜன் சேர்க்க வேண்டும். மூன்றாவதை ஒழிக்க ஆக்ஸிஜனைப் பிடுங்க வேண்டும். ஒரே குழாயில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டுமானால், போகிற புகையில் ஆக்ஸிஜன் மிச்சமும் இருக்கக் கூடாது, பற்றாக்குறையும் கூடாது. அதாவது லாம்டா, உள்ளே போன காற்றுக்கும் தேவையான காற்றுக்கும் உள்ள விகிதம், சரியாக 1. கொஞ்சம் லீன், அதாவது பெட்ரோல் குறைச்சல், ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு தப்பித்து வெளியே போகும். கொஞ்சம் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம், ஆனால் மற்ற இரண்டும் போகும். மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் ஜன்னலின் அகலம் ஒரு சதவீதத்துக்கு அப்படி இப்படித்தான். எந்தக் கார்புரேட்டரும் எல்லா வேகத்திலும் எல்லா வெப்பத்திலும் இதைப் பிடித்து நிற்காது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. எரிபொருள் சிக்கனத்துக்கு மட்டும் என்றால் நான் லாம்டாவை 1-க்குச் சற்று மேலே, லீன் பக்கம் வைப்பேன். அதிக பவர் வேண்டுமென்றால் 0.9-க்குப் பக்கத்தில் வைப்பேன். நைட்ரஜன் ஆக்சைடு உச்சத்துக்குப் போவது 1.05-லிருந்து 1.1 வரை, அதாவது சிக்கனத்துக்கு ஆசைப்பட்ட அதே இடத்தில். 1 என்பது இன்ஜினுக்குப் பிடித்த எண் இல்லை, கேட்டலிஸ்டுக்குப் பிடித்த எண். இன்ஜின் விட்டுக்கொடுத்துப் போகிறது.

வரலாற்றைப் பார்த்தாலும் வரிசை அப்படித்தான் இருக்கிறது. மின்னணு இன்ஜெக்ஷன் கேட்டலிஸ்டுக்கு முன்பே வந்துவிட்டது. 1967-ல் பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக், அமெரிக்காவுக்குப் போன ஃபோக்ஸ்வாகன் 1600-ல் ஏறியது. மைக்ரோப்ராசசர் கிடையாது, மேனிஃபோல்டு பிரஷரைப் பார்த்து அனலாக் சர்க்யூட்டில் துடிப்பின் நீளத்தை முடிவு செய்தது. நல்ல முயற்சி, ஆனால் தான் கொடுத்தது சரியா என்று திரும்பிப் பார்க்க அதற்கு வழியே இல்லை. அந்த வழி 1976-ல் வந்தது. வால்வோ கலிஃபோர்னியாவுக்கு அனுப்பிய கார்களில் புகையில் ஆக்ஸிஜனைப் பார்க்கும் பாஷின் லாம்டா சென்சாரும், மூன்று கெட்டவையையும் சேர்த்துப் பிடிக்கும் மூவழிக் கேட்டலிஸ்டும் சேர்ந்து வந்தன. 1979-ல் மோட்ரானிக், பிஎம்டபிள்யூ 732ஐ காரில், இக்னிஷனையும் இன்ஜெக்ஷனையும் ஒரே டிஜிட்டல் பெட்டிக்குள் கொண்டுவந்தது. இன்றைக்கு நான் திருத்துகிற அட்டவணைகளின் தாத்தா அதுதான்.

இப்போது கஷ்டமான பாதி. காற்று.

காற்றை நேரடியாக அளப்பது ஒரு வழி. ஏர் ஃபில்டருக்குப் பின்னால் சூடான கம்பி அல்லது தகடு ஒன்று இருக்கும், காற்று அதைக் குளிர்விக்கும், அதே சூட்டில் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறதோ அதுதான் காற்றின் நிறை. இன்னொரு வழி, மேனிஃபோல்டில் பிரஷரையும் வெப்பநிலையையும் பார்த்து, சிலிண்டர் எவ்வளவு நிரம்பும் என்று அட்டவணையில் தேடுவது. ஒவ்வொரு வேகத்துக்கும் ஒவ்வொரு லோடுக்கும் ஒரு எண். அந்த அட்டவணையை நிரப்புவதில்தான் டைனோவில் என் நாட்கள் கரைகின்றன. இன்டேக் குழாயில் அலை எழும்பும், வால்வ் டைமிங் மாறும், பழைய புகை கொஞ்சம் உள்ளேயே தங்கும், எல்லாம் அந்த எண்ணுக்குள் அடங்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் எண் ஏன் குதிக்கிறது என்று கேட்டால் சில சமயம் விளக்கம் இருக்கும். சில சமயம் "இன்ஜின் அப்படித்தான் சொல்லுது" என்பதுதான் பதில்.

எந்த வழியானாலும் இது முன்கூட்டிய கணக்கு. பெட்ரோல் தெளிக்கும்போது இன்டேக் வால்வ் பெரும்பாலும் மூடியே இருக்கும். காற்று இனிமேல்தான் உள்ளே போகும். வராத காற்றுக்கு இப்போதே பெட்ரோல் ஊற்றுகிறோம்.

அப்புறம்தான் லாம்டா சென்சார் வருகிறது. "ஆக்ஸிஜன் சென்சார் இருக்கே, தப்பானால் அது திருத்திக்கொள்ளாதா?" என்பது எனக்கு அடிக்கடி வரும் கேள்வி. திருத்தும், ஆனால் தாமதமாக. ஐடிலில் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் ஒரு முழுச் சுழற்சிக்கே 150 மில்லி விநாடி. இன்று ஊற்றிய பெட்ரோல் எரிந்து, வெளியேறி, குழாயில் நடந்து, சென்சாரின் மூடிக்குள் புகுந்து, சென்சார் பதில் சொல்வதற்குள் அரை விநாடி வரை ஓடிவிடும். அதற்குள் ஓட்டுநர் காலை எடுத்து வேறு எங்கோ வைத்திருப்பார். குளத்து மீன் கதையில் வரும் வருமுன் காப்போனும் வந்தபின் காப்போனும் ஞாபகத்துக்கு வருகிறார்கள். காற்றுக் கணக்கு வருமுன் காப்போன். லாம்டா சென்சார் வந்தபின் காப்போன். இரண்டு பேரும் வேலை செய்தால்தான் ஒரு சதவீத ஜன்னலுக்குள் நிற்க முடியும், ஆனால் முதல் ஆள் சோம்பேறியாக இருந்தால் இரண்டாவது ஆளால் கரை சேர்க்க முடியாது.

சாதாரண ஜிர்கோனியா சென்சாருக்குப் பேசத் தெரிந்தது இரண்டே சொல். ரிச் என்றால் 0.8, 0.9 வோல்ட். லீன் என்றால் 0.1. நடுவில் எவ்வளவு ரிச், எவ்வளவு லீன் என்றெல்லாம் அதற்குச் சொல்லத் தெரியாது. அதனால் ஈசியூ, ரிச் என்று கேட்டதும் மெல்லக் குறைத்துக்கொண்டே வரும், லீன் என்று கேட்டதும் மெல்லக் கூட்டிக்கொண்டே போகும். விநாடிக்கு ஓரிரு தடவை இப்படி ஊசலாடிக்கொண்டே இருக்கும். இது குறை மாதிரித் தெரிகிறது, ஆனால் கேட்டலிஸ்டுக்கு இது பிடிக்கும். உள்ளே பூசியிருக்கும் சீரியம் ஆக்சைடு, லீனாக வரும்போது ஆக்ஸிஜனை உறிஞ்சி வைத்துக்கொண்டு ரிச்சாக வரும்போது திருப்பிக் கொடுக்கும். ஊசல் சின்னதாக இருக்கும்வரை பின்னால் வரும் புகை சுத்தமாகவே இருக்கும். கேட்டலிஸ்டுக்குப் பின்னால் இன்னொரு சென்சார் வைப்பது இந்தச் சேமிப்பு வேலை செய்கிறதா என்று வேவு பார்க்கத்தான். பின் சென்சாரும் முன் சென்சார் மாதிரியே ஆட ஆரம்பித்தால் கேட்டலிஸ்ட் கிழண்டுவிட்டது என்று பொருள். இப்போதைய வைட்பேண்ட் சென்சார்கள் எவ்வளவு என்றும் சொல்கின்றன, வாழ்க்கை கொஞ்சம் நிம்மதி.

அந்தச் சென்சாருக்குப் பெட்ரோல் தெரியாது, ஆக்ஸிஜன் மட்டுமே தெரியும் என்பதை மெக்கானிக்குகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால், அதன் பெட்ரோலும் எரியாது, ஆக்ஸிஜனும் எரியாது. சென்சார் ஆக்ஸிஜனைப் பார்த்து "லீன்" என்று கத்தும். ஈசியூ நம்பி இன்னும் பெட்ரோல் ஊற்றும். உண்மையில் பழுது ஸ்பார்க் பிளக்கில். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் குழாயில் ஒரு சின்ன ஓட்டை இருந்து வெளிக்காற்று உள்ளே இழுபட்டாலும் இதே கூத்துதான். சென்சாரை மாற்றிப் பயன் இல்லை, பாவம் அது உண்மையைத்தான் சொல்கிறது.

திருத்தங்களை ஈசியூ ஞாபகமும் வைத்துக்கொள்கிறது. ஸ்கேனரில் குறுகிய கால ட்ரிம், நீண்ட கால ட்ரிம் என்று இரண்டு எண் வரும். நீண்ட காலம் என்பது "இந்த இடத்தில் நான் எப்போதும் இவ்வளவு கூட்ட வேண்டியிருக்கிறது" என்று வருமுன் காப்போனின் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைப்பது. எனக்கு ஒரு வண்டியைப் பற்றி வேறு எதையும் சொல்ல வேண்டாம், இந்த இரண்டு எண்ணையும் ஐடிலிலும் 2500 சுற்றிலும் காட்டினால் போதும், பாதி கதை தெரிந்துவிடும்.

அப்படி ஒன்று. சூடான கம்பி சென்சார் உள்ள இன்ஜின். ஐடிலில் நீண்ட கால ட்ரிம் கூட்டல் 18 சதவீதம். கொண்டுவந்தவர் ஃபியூயல் பம்ப் பலவீனம் என்று முடிவு கட்டி, விலைகூட விசாரித்து வைத்திருந்தார். ஆக்ஸிலரேட்டரை மிதித்து 2500-ல் பிடிக்கச் சொன்னேன். எண் இறங்கி 4-ல் நின்றது. பம்ப் பலவீனம் என்றால் அதிகப் பெட்ரோல் கேட்கும்போது ட்ரிம் ஏற வேண்டும், இங்கே இறங்குகிறது. சென்சாருக்குத் தெரியாமல் எங்கோ காற்று திருட்டுத்தனமாகப் புகுகிறது. ஐடிலில் மொத்தக் காற்றே கொஞ்சம், அதில் இந்தத் திருட்டுக் காற்று பெரிய பங்கு. வேகம் கூடினால் மொத்தக் காற்று பெருகும், ஓட்டை அதே ஓட்டைதான், பங்கு சுருங்கும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாயை மடக்கிப் பிடித்ததும் ஐடில் ட்ரிம் கண்முன்னால் இறங்கியது. குழாயின் அடிப்பக்கம், கிளிப்புக்கு ஒட்டி, விரல் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு.

இதே ஓட்டை பிரஷர் பார்த்துக் கணக்குப் போடும் இன்ஜினில் இருந்திருந்தால் ட்ரிம் அவ்வளவாக அசைந்திருக்காது. எந்த வழியாக வந்த காற்றானாலும் அது மேனிஃபோல்டு பிரஷரில் தெரிந்துவிடும், அதற்குத் தக்க பெட்ரோலும் போய்விடும். ஐடில் வேகம்தான் ஏறி நிற்கும். ஸ்கேனர் வாங்கி வைத்துக்கொண்டு எல்லா வண்டிக்கும் ஒரே மருந்து எழுதுகிறவர்கள் இதைத்தான் பார்க்கத் தவறுகிறார்கள்.

எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி, யாரும் கேட்காத பகுதி, சுவர் ஈரம்.

மேனிஃபோல்டில் தெளித்த பெட்ரோல் முழுவதும் ஆவியாகி உள்ளே போவதில்லை. ஒரு பங்கு இன்டேக் துவாரத்தின் சுவரிலும் வால்வின் முதுகிலும் படலமாக ஒட்டும். ஏற்கெனவே ஒட்டியிருந்ததில் ஒரு பங்கு ஆவியாகி உள்ளே போகும். நிதானமாக ஓடும்போது ஒட்டுவதும் ஆவியாவதும் சமம், கணக்கு நேர். ஓட்டுநர் சட்டென்று மிதித்தால் காற்று உடனே பாயும். ஈசியூவும் உடனே பெட்ரோலைக் கூட்டும். ஆனால் கூட்டியதில் ஒரு பங்கை சுவர் எடுத்துக்கொள்ளும், படலம் தடிக்கும்வரை சிலிண்டருக்குக் குறைச்சல்தான். இன்ஜின் ஒரு கணம் திக்கும். காலை எடுத்தால் நேர் எதிர்: காற்று நின்றுவிடும், சுவரில் இருந்த பெட்ரோல் மட்டும் வந்துகொண்டே இருக்கும், புகை ரிச்சாகும். கார்புரேட்டரில் ஆக்ஸிலரேட்டர் பம்ப் என்று ஒன்று மிதித்தவுடன் பிச்சுக்கென்று அடிக்குமே, அது இதற்கான நாட்டு வைத்தியம்.

1981-ல் ஃபோர்டு பொறியாளர் அக்கீனோ இதற்கு இரண்டே எண்ணில் ஒரு மாதிரி கொடுத்தார். தெளித்ததில் எவ்வளவு பங்கு ஒட்டுகிறது என்பது ஒரு எண், எக்ஸ். ஒட்டியது ஆவியாக எவ்வளவு நேரம் என்பது இன்னொன்று, டாவ். இவை இரண்டும் தெரிந்தால் படலத்தில் இந்த நொடி எவ்வளவு இருக்கிறது என்று கணக்கு வைத்துக்கொண்டே வரலாம், சுவர் எடுத்துக்கொள்ளப்போவதை முன்னதாகவே சேர்த்து ஊற்றலாம். இத்தனைக்கும் அந்தப் படலத்தைப் பார்க்க வண்டியில் எந்தச் சென்சாரும் கிடையாது.

அதைச் சரிசெய்வது இப்படி. வேகத்தை டைனோ பிடித்துக்கொள்ளும். த்ராட்டிலை ஒரே படியாகத் திறப்பேன், காத்திருப்பேன், ஒரே படியாக மூடுவேன். திரையில் லாம்டா கோடு ஓடும். திறந்த கணத்தில் கோடு 1.2-க்கு ஒரு முள் மாதிரி எழும்பி, விழுந்து, 1-ல் அடங்கும். எக்ஸைக் கூட்டினால் முள் குட்டையாகும். அதிகமாகக் கூட்டினால் முள் தலைகீழாகி ரிச் பக்கம் குத்தும். டாவ் தப்பாக இருந்தால் முள் போய்விடும், ஆனால் பின்னால் ஒரு வால் நீண்டு கிடக்கும், அடங்க நேரம் பிடிக்கும். முள் எக்ஸ், வால் டாவ் என்று எங்கள் அறையில் புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம். திறப்பதற்கும் மூடுவதற்கும் இரண்டு கோடும் தட்டையாக வரும்போது கிடைக்கும் திருப்தி தனி. ஆனால் அது அந்த வெப்பநிலைக்கு மட்டும். தண்ணீர் 90 டிகிரியில் இருக்கும்போது டாவ் ஒரு நொடியின் சிறு பங்கு. குளிர்ந்த இன்ஜினில் அது நொடிக்கணக்கில் போய்விடும். அதனால் குளிர் அறையில் இன்ஜினை ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில் ஒரே ஒரு ஸ்டார்ட், சில நிமிட அளவெடுப்பு, சூடாகிவிட்டதா, சரி, மறுநாள் வா. அவசரக்காரர்களுக்கு இந்த வேலை சரிப்படாது.

குளிர் ஸ்டார்ட்டில்தான் எல்லாச் சிக்கலும் ஒன்றுகூடும். லாம்டா சென்சார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் பேசும். கேட்டலிஸ்டும் ஏறக்குறைய அந்தச் சூட்டுக்கு வந்தால்தான் வேலை செய்யும். பெட்ரோலில் லேசான பகுதிகள் மட்டும் ஆவியாகும், மற்றது சுவரில். ஆக எரிவதற்கு வேண்டிய ஆவி கிடைக்கத் தேவையைவிடப் பல மடங்கு ஊற்ற வேண்டும், எரியாமல் மிஞ்சுவதைப் பிடிக்கவும் ஆள் இல்லை. ஒரு நவீன பெட்ரோல் கார் சோதனை ஓட்டம் முழுவதிலும் விடும் ஹைட்ரோகார்பனில் பெரும்பகுதி முதல் ஒன்றிரண்டு நிமிடத்திலேயே போய்விடுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் ஏன் அவ்வளவு உறுமுகிறது என்று கேட்பவர்களுக்கு: வேண்டுமென்றேதான். ஸ்பார்க்கைப் பிந்தி அடித்து, காற்றையும் பெட்ரோலையும் கூட்டி, சூட்டைக் குழாய்க்குத் தள்ளுகிறோம். அந்த அரை நிமிடம் எரிபொருளை வீணாக்குவது உண்மை. கேட்டலிஸ்டை எழுப்பும் கூலி அது.

ஒரு சின்ன விஷயம், இடையில் சொல்லிவிடுகிறேன். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்ஜெக்ஷன் வண்டியில் கியரிலேயே வைத்துக் காலை எடுத்தால், வேகம் ஓரளவுக்கு மேல் இருக்கும்வரை, இன்ஜெக்டர் திறக்கவே திறக்காது. பூஜ்யம். நியூட்ரலில் விட்டால் ஐடில் ஓட்டப் பெட்ரோல் கொடுத்தாக வேண்டும். பிரேக்குக்கும் கியரிலிருப்பதே நல்லது.

பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் வகை பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, அது தனிப் பதிவுக்கு உரியது. 1954-ல் மெர்சிடிஸ் 300எஸ்எல் மெக்கானிக்கல் பம்ப் வைத்து இதைச் செய்தது. இக்னிஷனை அணைத்த பிறகும் இன்ஜின் நிற்கும்வரை பம்ப் தெளித்துக்கொண்டே இருந்ததால் ஆயிலில் பெட்ரோல் கலந்தது. 1996-ல் மிட்சுபிஷி மின்னணுக் கட்டுப்பாட்டோடு கொண்டுவந்தது. துவாரச் சுவரில் ஈரம் இல்லை, பெட்ரோல் உள்ளேயே ஆவியாகிக் காற்றைக் குளிர்விப்பதால் கம்ப்ரஷனைக் கூட்டலாம், சிக்கனம். ஆனால் ஈரம் இடம் மாறி பிஸ்டன் தலைக்குப் போய்விட்டது. அங்கே தேங்கினால் கரித்துகள். பெட்ரோல் வண்டிக்கும் துகள் ஃபில்டர் வந்தது இதனால்தான். பிரஷரை 200, 350 பார் என்று ஏற்றுவதும், ஒரே தெளிப்பை இரண்டு மூன்றாகப் பிரிப்பதும் பிஸ்டனை நனைக்காமல் இருக்கத்தான். இன்டேக் வால்வின் முதுகைக் கழுவ ஆள் இல்லாமல் அங்கே கரி கட்டுவது இன்னொரு தலைவலி. டொயோட்டா மாதிரி சிலர் இரண்டு வகை இன்ஜெக்டரையும் ஒரே இன்ஜினில் வைத்துவிட்டார்கள்.

டீசல் வேறு உலகம். அங்கே காற்றை அடைக்கும் வேலை இல்லை, காற்று எப்போதும் மிச்சம்தான். எவ்வளவு தெளிக்கிறோமோ அவ்வளவு இழுவை. அதனால் லாம்டா 1 என்ற கவலையும் இல்லை, மூவழிக் கேட்டலிஸ்ட் என்ற வசதியும் இல்லை. எப்போது, எத்தனை துண்டாக, என்ன பிரஷரில் தெளிப்பது என்பதுதான் கேள்வி. முன்னதாகத் தெளித்தால் நன்றாக எரியும், கரி குறையும், சூடு ஏறி நைட்ரஜன் ஆக்சைடு கூடும். பிந்தினால் அது குறையும், கரி கூடும். ஒன்றை அமுக்கினால் இன்னொன்று எழும்பும்.

காமன் ரயில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான உயர் பிரஷர் குழாய், வந்த பிறகுதான் இதில் கை வைக்க இடம் கிடைத்தது. 1995-ல் டென்சோ, ஹினோ லாரியில். 1997-ல் பாஷ், ஆல்ஃபா ரோமியோ 156-ல், 1350 பார். இன்று 2500 பார் வரை வந்துவிட்டது. பிரஷர் எப்போதும் தயாராக ரயிலில் நிற்பதால் இன்ஜெக்டரை நினைத்தபோது திறக்கலாம். முக்கியத் தெளிப்புக்கு முன்னால் ஒன்றிரண்டு மில்லிகிராம் மட்டும் முன்தெளிப்பு. அது மெல்ல எரிந்து சூட்டை ஏற்றி வைக்கும், பின்னால் வரும் பெரிய தெளிப்பு தாமதமில்லாமல் பற்றிக்கொள்ளும், பழைய டீசலின் அந்த "டக டக" அடங்கும். டைனோவில் முன்தெளிப்பை ஒரு சுவிட்சில் அணைத்து அணைத்துப் போட்டுக் காட்டுவேன். வந்தவர்கள் இன்ஜின் உடைந்துவிட்டது என்று பதறுவார்கள்.

எல்லாம் மென்பொருள் என்றாகிவிட்டால் அதில் திருட்டும் சாத்தியம். 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் ஃபோக்ஸ்வாகனின் டீசல் கார்களைப் பிடித்தது அதைத்தான். சோதனை நடக்கிறது என்று ஸ்டியரிங் அசைவு முதலியவற்றை வைத்துத் தெரிந்துகொண்டு சுத்தமாக ஓடும், சாலையில் நைட்ரஜன் ஆக்சைடு அனுமதித்த அளவைவிட 40 மடங்கு வரை. இன்ஜின் அதே இன்ஜின், இன்ஜெக்டர் அதே இன்ஜெக்டர், எண்கள்தான் வேறு. அந்த வாரம் எங்கள் அறையில் யாரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. அந்த எண்களையும் எங்களைப் போல ஒருவர்தான் எங்கோ உட்கார்ந்து தட்டியிருப்பார்.

டீசல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லி முடித்துக்கொள்கிறேன். ஒன்றிரண்டு மில்லிகிராம் தெளிக்க இன்ஜெக்டருக்குக் கிடைக்கும் துடிப்பு ஒரு மில்லி விநாடியில் நாலில் ஒரு பங்கு. துளைகளோ பத்தில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இந்த அளவில் இரண்டு இன்ஜெக்டர் ஒரே மாதிரி வராது. அதனால் தொழிற்சாலையில் ஒவ்வொன்றையும் சோதித்து, எங்கே எவ்வளவு விலகுகிறது என்பதை எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீட்டில் அதன் தலையிலேயே பொறித்து விடுகிறார்கள். அதை ஈசியூவில் ஏற்ற வேண்டும். அப்புறம் தேய்மானத்தை ஈசியூவே கற்றுக்கொள்ளும். நீங்கள் காலை எடுத்து வண்டி தானாக ஓடும்போது, ஒரு சிலிண்டருக்கு மட்டும் மிகச் சின்னத் துடிப்பைக் கொடுத்து, கிராங்கின் வேகம் துளி ஏறுகிறதா என்று பார்க்கும். ஏறவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் நீட்டும். எந்த நீளத்தில் முதல் துளி விழுகிறதோ அதைக் குறித்துக்கொள்ளும். ஓட்டுகிறவருக்கு எதுவும் தெரியாது. இன்ஜெக்டரை மாற்றிவிட்டு ஐடில் உதறுகிறது, முன்னைவிடச் சத்தம் என்று எனக்கு எழுதுகிறீர்கள். குறியீட்டை ஏற்றினார்களா என்று முதலில் கேளுங்கள், பழைய கற்றல் எண்களை அழித்தார்களா என்று இரண்டாவது கேளுங்கள். நாலு இன்ஜெக்டரையும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியவர்கள், எது எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்று குறித்து வைத்தார்களா என்பது மூன்றாவது.